அவுட்டோர் எங்கே மாட்டுவது?

சித்திரை பிறந்துவிட்டால் திருச்சியில் ஏசி மாட்டுபவர்களுக்கு ஓய்வே கிடையாது. அரியமங்கலம், அம்பிகாபுரம், காட்டூர் என்று தஞ்சாவூர் சாலையை ஒட்டிய தெருக்களில் டிரில் மெஷின், செப்புக் குழாய்ச் சுருள், ஆங்கிள் ஸ்டாண்டு எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். எந்த நிறுவனம், எத்தனை டன், எத்தனை நட்சத்திரம் என்று வாரக்கணக்கில் யோசித்துத்தான் வீட்டுக்காரர் ஏசி வாங்கியிருப்பார். ஆனால் அவுட்டோர் பெட்டியை எங்கே மாட்டுவது என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். குழாய் எங்கே குறைவாகச் செலவாகுமோ, ஏணி எங்கே எட்டுமோ, அங்கே மாட்டியாகிவிடும்.

அந்த இரண்டு நிமிடம்தான் அடுத்த பத்து வருடத்தின் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. மே மாத மதியத்தில் அறை குளிருமா என்பதும், பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை வருமா என்பதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. கீழே நடந்து போகிறவரின் தலைக்கு ஆபத்து உண்டா என்பதும் அப்படித்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் ஆய்வுக்கூடத்தில் பெற்றவை. வீட்டில் அவற்றில் எத்தனை மிஞ்சும் என்பது மாட்டுகிற இடத்தையும் மாட்டுகிற கையையும் பொறுத்தது.

வெப்பத்தை இறைக்கும் மோட்டார்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. போர்வெல் மோட்டார் நிலத்தடி நீரை மேலே இறைத்துக் கொட்டுவதைப் போல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அது வெளியே இறைத்துக் கொட்டுகிறது. அதனால்தான் இந்த இயந்திரத்துக்கு வெப்ப பம்பு என்று பெயர். ஊட்டியிலும் வட இந்தியாவிலும் விற்கும் ‘ஹாட் அண்ட் கோல்டு’ வகையில் ஒரு வால்வு திரும்பினால் போதும், இறைக்கும் திசை மாறி வெளியிலிருந்து வெப்பம் அறைக்குள் வரும். டொராண்டோவில் இருக்கும் நம் உறவுக்காரர் வீட்டுச் சுவரோரம் நிற்பதும் இதே குடும்பத்துப் பெட்டிதான். அங்கே பனியில் புதையாமலிருக்க அதை உயரமான ஸ்டாண்டில் ஏற்றி வைக்கிறார்கள். அரியமங்கலத்தில் பனி கிடையாது. இங்கே அதை மூச்சுமுட்ட வைப்பது வெயில்காலத்துக் காற்றும் நெருக்கமான சுவர்களும்.

ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே மாறி அதனுடன் சேர்ந்துகொள்ளும். ஆக, அந்தச் சிறிய பெட்டி வெளியே கொட்ட வேண்டியது ஆறரை, ஏழு கிலோவாட். நான்கைந்து வாட்டர் ஹீட்டர் ராடுகள் சேர்ந்து தரும் வெப்பம் அது. அவுட்டோரின் விசிறி பின்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, சூடான காயில் வழியாகச் செலுத்தி, முன்பக்கம் தள்ளுகிறது. வெளிவரும் காற்று, உள்ளே போன காற்றைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். நாற்பதில் இழுத்தால் ஐம்பதில் தள்ளும்.

தள்ளிய காற்று திரும்பி வராமல் போய்விட வேண்டும். அவுட்டோர் மாட்டுவதற்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதியும் முக்கால்வாசி விதியும் இதுதான்.

சந்துக்குள் சுழலும் வெப்பம்

இந்தியாவில் ஏசியின் திறனை அளக்கும் சோதனையில் வெளி வெப்பநிலை 35 டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். திருச்சியில் அக்னி நட்சத்திர நாட்களில் நிழலிலேயே 40 டிகிரி சாதாரணம். இரண்டு மாடிச் சுவர்களுக்கு இடையில் மூன்றடிச் சந்தில் அவுட்டோரை மாட்டினால், அது ஊதும் சூடான காற்று எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி அதன் முதுகுக்கே வந்து சேரும். வானிலை அறிக்கையில் 40 டிகிரி என்று இருக்கும், அந்தப் பெட்டி சுவாசிப்பதோ 45 டிகிரிக் காற்று. உள்ளே போகும் காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது குளிர்சாதனத் துறையில் பழகிய கணக்கு. ஐந்து டிகிரிக்கு 10 முதல் 15 சதவீதம்.

ஒரு குடும்பத்தின் மின்கட்டணத்தில் வைத்துப் பார்க்கலாம். இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். பன்னிரண்டு சதவீதம் கூடினால் இன்னும் 58 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும். தவறான சந்தில் மாட்டிய ஒரு பெட்டியே அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கப் போதும்.

இந்தச் சிக்கலை மிக விரிவாக ஆராய்ந்த ஊர் ஹாங்காங். அங்குள்ள வானளாவிய குடியிருப்புகளில், கட்டடத்தின் உள்மடிப்புகளில் மாடிக்கு ஒன்றாக அவுட்டோர்களை அடுக்கியிருப்பார்கள். கீழ்மாடிப் பெட்டி கக்கும் வெப்பம் மேலெழும்பி மேல்மாடிப் பெட்டிக்குள் நுழையும், அது கக்குவது அதற்கும் மேலே போகும். உயரப் போகப் போகக் காயிலைத் தொடும் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போவதை 1990களின் இறுதியிலிருந்தே அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். திருச்சியில் அத்தனை உயரக் கட்டடங்கள் இல்லை. ஆனால் மூன்று மாடி வீட்டின் ஒரே சந்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அவுட்டோர்களை மாட்டினால் நடப்பது அதுவேதான்.

ஆகவே அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்பக்கச் சுவரிலிருந்து குறைந்தது 15 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். முன்பக்கம் மூன்றடியாவது திறந்த வெளி இருக்க வேண்டும், இன்னும் கூடினால் நல்லது. வால்வு இருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கையும் ஸ்பேனரும் நுழைய இரண்டடி விட வேண்டும். துல்லியமான எண் ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் படத்துடன் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது.

மொட்டை மாடிதான் நல்ல இடம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. காற்றோட்டம் கிடைக்கும், ஆனால் கைப்பிடிச் சுவரின் மூலையில் தரையோடு வைத்தால் அந்த நன்மை போய்விடும். மே மாத மதியத்தில் வெறுங்காலை வைக்க முடியாத தளத்தை ஒட்டிய காற்றைத்தான் அது இழுக்கும். இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, விசிறியின் முகம் கைப்பிடிச் சுவருக்கு மேலே திறந்த வெளியைப் பார்த்திருந்தால் கதை வேறு. மழைநீர் தேங்கினாலும் பெட்டி நனையாது. வெள்ளையடித்த தளமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்ரீரங்கத்தில் சிக்கல் வேறு விதம். உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகள் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு, அகலம் குறைந்து, உள்ளே நீளமாக ஓடுபவை. பக்கத்தில் இடமே கிடையாது. வாசலில் தொங்கவிட்டால் திண்ணையும் தெருவின் முகமும் கெடும், தேர் ஓடும் வீதியில் அது பொருந்தவும் பொருந்தாது. முற்றத்தில் வைத்தால் வீட்டுக்கே காற்று தந்த கிணறு போன்ற அந்த இடம் வெப்பம் தேங்கும் குழியாகிவிடும். மிஞ்சுவது மாடிதான். அங்கே குழாய் நீளம் கூடும். பெட்டியோடு வருவது பொதுவாக மூன்று மீட்டர்க் குழாய். கையேட்டில் சொன்ன நீளத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் அதில் குறித்த அளவுக்குக் கேஸ் சேர்க்க வேண்டும். சின்ன ஏசிகளில் அது மீட்டருக்குப் பதினைந்து, இருபது கிராம் அளவில் இருக்கும். அதை எடைபோட்டுச் சேர்க்காவிட்டால் இடம் சரியாக இருந்தும் பயனில்லை.

வெயில் படாமல் நிழலில் வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா சூரிய ஆற்றல் மையம் இதை வீடுகளில் அளந்து பார்த்து 1996இல் முடிவை வெளியிட்டது. அவுட்டோருக்கு மட்டும் நிழல் கொடுத்ததால் கிடைத்த சேமிப்பு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. நிழலுக்காக வைத்த தடுப்பு காற்றை மறித்தால் உள்ளதும் போய்விடும் என்று அந்த ஆய்வு எச்சரித்தது. தகரக் கூரையும் கம்பிக்கூண்டும் போட்டு அவுட்டோரைப் பாதுகாக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். நிழல் கிடைத்தால் நல்லது, காற்றோட்டம் இல்லாமல் எதுவுமே நடக்காது.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் திருச்சியில் வேகமாக வீசும். விசிறியின் முகத்தை நேர் மேற்கே வைத்தால், தள்ளும் காற்றை எதிர்க்காற்று திரும்பத் தள்ளும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் விசிறி எதிர்த்திசையில் சுழலும். முகம் வடக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால் ஆடிக்காற்று குறுக்கே போய்ச் சூட்டை அடித்துச் செல்லும்.

சுவர் தாங்குமா?

2024 ஆகஸ்டில் டெல்லி கரோல்பாக் பகுதியில், இரண்டாவது மாடியிலிருந்து விழுந்த ஓர் அவுட்டோர் கீழே இருந்த பதினெட்டு வயது இளைஞரின் உயிரைப் பறித்தது. அந்தக் காட்சி கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. சில நாள் பேச்சுக்குப் பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

ஒன்றரை டன் அவுட்டோரின் எடை 25 முதல் 35 கிலோ. அது சும்மா தொங்கிக்கொண்டும் இருப்பதில்லை. ஓடும் நேரமெல்லாம் அதிர்கிறது, அந்த அதிர்வு போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில், பூச்சையும் தாண்டிக் கல்லுக்குள் ஆழமாக இறங்கிய ஆங்கர் போல்ட் நிற்கும். கைப்பிடிச் சுவர்கள் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான். எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவரிலும் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. அங்கெல்லாம் சுவரை ஊடுருவும் நீண்ட போல்ட்டும் மறுபக்கம் இரும்புத் தகடும் வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் சுவரில் தொங்கவிடாமல் தளத்தில் வைப்பதே சரி. கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டால் அதிர்வு சுவருக்குப் போகாது.

அடுத்த எதிரி துரு. கடையில் கிடைக்கும் பெயின்ட் அடித்த ஆங்கிளில் துளையிட்ட இடத்திலும் வெல்டிங் இணைப்பிலும்தான் துரு முதலில் பிடிக்கும். சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கட்டடத்துக்கு வெளியே தொங்கும் அவுட்டோரைப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்தான் மாட்டலாம், தாங்கும் ஸ்டாண்டு துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். அரசு அடுக்ககங்களில் அதற்கென்றே தனி மேடை கட்டித் தருகிறார்கள்.

திருச்சி இந்த விஷயத்தில் பின்தங்க ஒரு காரணமும் இல்லை. திருவெறும்பூரில் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலை இருக்கிறது, அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொன்மலையில் ரயில்வே பணிமனை, அரியமங்கலத்திலேயே சிட்கோ தொழிற்பேட்டை. எஃகை வளைக்கவும் ஒட்டவும் துத்தநாகத்தில் முக்கியெடுக்கவும் தெரிந்த கைகள் நிறைந்த ஊர் இது. துத்தநாகம் பூசிய நல்ல ஸ்டாண்டு ஒன்றை இங்கே செய்துகொள்ள, ஏசி விலையில் சிறு பங்கு கூட ஆகாது.

வாக்கம் போடாத குழாய்

இடமும் சுவரும் சரியாக அமைந்த பிறகு மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. இன்றைய இந்திய ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலானவை ஆர்-32 கேஸில் ஓடுகின்றன. காரின் டயரில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும். கோடை மதியத்தில் அவுட்டோரின் உள்ளே அழுத்தம் 400 முதல் 500 பி.எஸ்.ஐ. வரை போகும். அத்தனையையும் தாங்கிப் பிடிப்பது, குழாயின் வாயைக் கூம்பாக விரித்து நட் போட்டு இறுக்கும் ஃபிளேர் இணைப்பு. கால் இன்ச் குழாய்க்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், அரை இன்ச்சுக்கு 50க்கு மேல் என்று இறுக்கத்துக்கும் அளவு உண்டு. குறைந்தால் கசியும், கூடினால் விரிந்த செம்பு பிளந்துவிடும். அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் எத்தனை பேர் பையில் இருக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் இன்றைய நிலை தெரிகிறது.

அதற்கு அடுத்தது வாக்கம். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரத்தில், பெட்டியிலிருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடும் குறுக்குவழி இன்னும் நடக்கிறது. உள்ளே தங்கிய காற்று அழுத்தத்தை ஏற்றும். தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். இரண்டும் அன்றைக்குத் தெரியாது, மூன்றாவது கோடையில் கம்ப்ரசர் போன பிறகு தெரியும். வாடகை வீடு மாறும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டும் வேலையிலும் இதே கவனம் வேண்டும். குழாய் திறந்திருக்கக் கம்ப்ரசரை ஓட்டினால் காற்று உள்ளே புகுந்து, எண்ணெயோடு அழுந்தி வெடிக்கும் அபாயம் உண்டு.

கசிவு வீட்டுக்கு மட்டும் நட்டமில்லை. ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்தக் கணக்கில், ஒரு கிலோ கேஸ் போவது 900 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்ததற்கு ஈடு. வருடா வருடம் ‘கேஸ் டாப்பப்’ செய்வது வழக்கமான பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக மாட்டிய ஏசியில் கேஸ் குறையவே கூடாது, குறைந்தால் எங்கோ கசிகிறது.

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு வெப்ப பம்புகளை மாட்டுவதில் நேரும் பிழைகளை வரிசையாக எடுத்துக்கொண்டது. கேஸ் குறைவு, கேஸ் மிகுதி, காற்றோட்டக் குறைவு, கசியும் காற்றுக்குழாய் எனச் சில பிழைகள் சேர்ந்தால் மின்செலவு 30 சதவீதம் வரை உயரலாம் என்று அது கண்டது. அங்கே பெரிய காற்றுக்குழாய் வைத்த அமைப்புகள், இங்கே ஸ்பிளிட். ஆனாலும் ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுத்த கூடுதல் விலையை மாட்டுகிற பிழை விழுங்கிவிடும் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

குப்பைமேட்டுக் காற்று

அரியமங்கலத்துக்கென்று தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட, சுமார் 47 ஏக்கர்க் கிடங்கு இங்கேதான் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பயோமைனிங் முறையில் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் பணி தொடங்கியது. கோடையில் கிடங்கு தீப்பற்றிச் சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை சூழ்வது இங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன துயரம். கண்ணெரிச்சலும் இருமலும்தான் அந்தப் புகையின் முதல் கேடு. அவுட்டோரையும் அது விட்டுவைப்பதில்லை.

மட்கும் குப்பையிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. அது செம்பைத் தொட்டால் கருப்பாகச் செப்பு சல்ஃபைடு படியும். பிவிசி எரிந்தால் குளோரின் சேர்ந்த அமிலப் புகை வரும், அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அவுட்டோரின் காயில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்ததுதான். 2005 கத்ரினா புயலுக்குப் பின் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில், சீனாவிலிருந்து வந்த சுவர்ப்பலகைகள் கந்தக வாயுவைக் கசியவிட்டன. அங்கே ஏசியின் செப்புக் காயில்கள் கறுத்து, துளை விழுந்து, மறுபடி மறுபடி மாற்றப்பட்டன. காற்றின் அரிக்கும் தன்மையை அளக்கச் செம்புத் துண்டைத் தொங்கவிட்டு, அதன்மேல் மாதத்துக்கு எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் எளிய முறை மின்னணுத் தொழிலில் 1985 முதலே தரமாக இருக்கிறது. அரியமங்கலத்தின் கூரைகளில் அதைச் செய்து பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1952 முதல் இதே ஊரில் இயங்கும் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகத்தின் மாணவர்களுக்கு இதைவிட நல்ல திட்டப்பணி கிடைப்பது அரிது.

அதுவரை வீட்டுக்காரர் செய்யக்கூடியவை சில. காயிலில் அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்கலாம். அவுட்டோரின் முதுகு கிடங்கைப் பார்க்காதபடி மாட்டலாம். புகை சூழ்ந்த நாட்களுக்குப் பிறகும், கோடை தொடங்குமுன்னும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய தாரையில் காயிலைக் கழுவலாம். காவிரிக் குழாய்த் தண்ணீராக இருந்தால் நல்லது. உப்பேறிய போர்வெல் தண்ணீரைத் தினமும் தெளித்துக் குளிர்விக்க முயல்வது, தகடுகளின் மேல் உப்புப் படலத்தைத்தான் வளர்க்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அவுட்டோர் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அது ஊதுவதோ அடுத்த வீட்டு ஜன்னலில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. பல அவுட்டோர்கள் ஒரு மீட்டர் தூரத்தில் 50 டெசிபலுக்கு மேல் ஒலிப்பவை. தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் சுமார் 6 டெசிபல் குறையும். சந்தில் சுவர்கள் எதிரொலிப்பதால் அந்தக் குறைவும் கிடைக்காது. ஏசி இல்லாத வீட்டுக்காரர் இரவுக் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் அனல் காற்று அடிப்பது சட்டத்தையும் தாண்டிய சங்கதி. இந்தியாவில் ஏசி உள்ள வீடுகள் நூற்றுக்கு எட்டு என்று 2019இல் வெளியான தேசியக் குளிர்விப்புச் செயல்திட்டம் குறிப்பிட்டது. ஏசி இல்லாத மற்ற வீடுகளின் ஜன்னல்களும் நம் தெருவில்தான் இருக்கின்றன.

அதே செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரவேண்டும் என்று இலக்கு வைத்தது. ஐ.டி.ஐ.களில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பாக இருக்கிறது. திறமையுள்ளவர்கள் இல்லாமலில்லை. கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று விரட்டும் அவசரமும், கயிறும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் மூன்றாம் மாடி விளிம்பில் நிற்க வைக்கும் கூலியும்தான் அவர்களின் கையைக் கட்டிப்போடுகின்றன. வாக்கம் போட ஆகும் அரை மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்றால், அந்த அரை மணி நேரம் காணாமல்தான் போகும். அதற்கான கூலியை வீட்டுக்காரர் தனியாகப் பேசிக் கொடுக்கலாம். ஸ்டாண்டின் விலையையும் இடுப்புப் பட்டையையும் பேரத்துக்கு வெளியே வைக்கலாம்.

ஏசி ஓடத் தொடங்கியதும் எல்லோரும் உள்ளே போய்க் குளிர்கிறதா என்று கை நீட்டிப் பார்ப்பார்கள். அப்போது ஒருவர் வெளியே நிற்கட்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு, சில நூறு ரூபாய்த் தெர்மாமீட்டரை அவுட்டோரின் முதுகுப்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் பிடிக்கட்டும். பிறகு பத்தடி தள்ளி நிழலில் பிடிக்கட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இடம் சரி. மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் காட்டினால், மெக்கானிக் ஏணியை மடக்குவதற்கு முன்பே பெட்டியை இடம் மாற்றச் சொல்ல வேண்டும்.